நயா பைசாவைக் கொண்டுவந்த டி.டி.கே: சில்லறைக் காசை நிறுத்தலாமா என்ற கேள்வியின் பழைய கதை

ஆவடி மார்க்கெட்டாக இருக்கட்டும், அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து மருந்துக் கடையாக இருக்கட்டும், பூந்தமல்லி பஸ் நிலையத்து டீக்கடையாக இருக்கட்டும், 48 ரூபாய் பில்லுக்கு 50 ரூபாய் நீட்டினால் மீதி 2 ரூபாய்க்கு மிட்டாய் வந்து சேரும். இல்லையென்றால் ஜிபே பண்ணிடுங்க என்று ஒரு க்யூஆர் அட்டை நம் பக்கம் திரும்பும். சில்லறைக்கு அவ்வளவுதான் மரியாதை.

இந்த நிலையில்தான் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசை அரசு இன்னும் ஏன் அச்சடிக்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்கா தன்னுடைய ஒரு சென்ட் காசை 232 ஆண்டுகளுக்குப் பிறகு 2025 நவம்பர் 12-ம் தேதி பிலடெல்பியாவில் கடைசியாக அச்சடித்து முடித்துக்கொண்டது. ஒரு சென்ட் காசைத் தயாரிக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானது என்பதுதான் காரணம். இந்தியாவில் 2018-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியான பதிலில், ஒரு ரூபாய் காசுக்கு 1 ரூபாய் 11 காசு செலவாகிறது என்று தெரிந்தது. இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்து ரூபாய்க்கு 3.69, பத்து ரூபாய்க்கு 5.54. (அந்த 3.69 இரண்டு நாட்டிலும் வருவது தற்செயல்தான்.)

காசின் மதிப்பைவிட அதைச் செய்யும் செலவு கூடினால் என்ன செய்வது என்ற கேள்வி இந்தியாவுக்குப் புதிதல்ல. ஒரு ரூபாயை நூறாக உடைத்து மக்கள் கையில் கொடுத்தபோதும், அந்தக் காசின் உலோகத்தையே மாற்றியபோதும் நிதியமைச்சராக இருந்தவர் ஒரே ஆள். சென்னைக்காரர். டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

யார் இந்த டி.டி.கே?

சென்னையில் இன்று டி.டி.கே என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆழ்வார்பேட்டை டி.டி.கே சாலை. பழைய மௌப்ரேஸ் சாலை அது. அடுத்தது குக்கர். ஆனால் பெயரின் முதல் 'டி' நம்ம பக்கத்து ஊர். திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி என்பதுதான் முழுப் பெயர். சென்ட்ரலில் இருந்து அம்பத்தூர், ஆவடி தாண்டிப் போகும் புறநகர் ரயிலில் ஏறினால் அந்தத் திருவள்ளூரில் இறங்கலாம்.

1899 நவம்பர் 26-ல் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1928-ல் சொந்தமாக ஒரு விநியோக நிறுவனம் ஆரம்பித்தார். சோப்பு, சாக்லேட், பேனா மாதிரி வெளிநாட்டு நுகர்பொருட்களைத் தென்னிந்தியக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. இதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் நிதியமைச்சராக வந்தவர்களில் பலர் வக்கீல்கள், அதிகாரிகள், பொருளாதாரம் படித்தவர்கள். காலணா, அரையணா லாபம் பார்த்துச் சரக்கு நகர்த்தும் கடைக்காரர்களோடு தொழில் பண்ணிவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர் இவர்.

1937-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். 1942-ல் மத்திய சட்டமன்றம், பிறகு அரசியல் நிர்ணய சபை. அரசியலமைப்பு வரைவுக் குழுவில் ஓர் உறுப்பினர் இறந்துபோன இடத்தில் இவர் சேர்க்கப்பட்டார். 1948 நவம்பர் 5 அன்று சபையில் அவர் பேசிய பேச்சு இன்றும் நினைவுகூரப்படுகிறது. குழுவில் இருந்த பலரால் பல காரணங்களால் வேலை பார்க்க முடியவில்லை, மொத்தச் சுமையும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே பேச்சில் இந்தி ஆதிக்கம் பற்றியும் எச்சரித்தார். வடக்கில் இருப்பவர்கள் மொழியைத் திணித்தால் தெற்கில் பிரிவினை எண்ணம் வளரும் என்பது அவர் வாதம். காசுக் கதையில் இந்த இடத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஆவடி மாநாடு நடந்த வருஷம்

1952-ல் நேரு அமைச்சரவையில் வர்த்தகம், தொழில் துறை அமைச்சரானார். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம்தான் இலக்கு என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். நாட்டின் பொருளாதாரக் கொள்கையில் ஆவடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அதே 1955-ல் நாடாளுமன்றம் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் பார்த்தது. இந்திய நாணயச் சட்டத் திருத்தம். அப்போது நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக். ஆகவே நயா பைசாவின் சட்டம் டி.டி.கே கொண்டுவந்தது இல்லை. தேஷ்முக் 1956-ல் விலகினார், ஆகஸ்ட் இறுதியில் டி.டி.கே அந்தப் பொறுப்புக்கு வந்தார். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. அதைச் செய்து காட்ட வேண்டிய பொறுப்பு, அதனால் வரும் திட்டு, ரெண்டும் இவருக்கு.

அதுவரை இருந்த கணக்கு இப்படி: ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா. ஒரு பைசாவுக்கு 3 பை. மொத்தத்தில் ரூபாய்க்கு 64 பைசா, 192 பை. புதுக் கணக்கில் ரூபாய்க்கு 100 பைசா. பழைய பைசாவும் புழக்கத்தில் இருந்ததால் குழப்பம் வரக் கூடாதென்று புதுசுக்கு நயா பைசா என்று பெயர் வைத்தார்கள். நயா என்றால் இந்தியில் புதிய. காசின் மேல் அது ரூபாயின் நூறில் ஒரு பங்கு என்று விளக்கமும் போட்டார்கள், இந்தியில் மட்டும். இந்தி ஆதிக்கம் பற்றி எச்சரித்த மனிதரின் துறையில் இருந்துதான் அந்தக் காசு ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வந்து சேர்ந்தது.

மக்கள் அதற்குத் தங்கள் பாணியில் பதில் சொன்னார்கள். 25 பைசா கையில் வந்தது, வாயில் நாலணா என்றே இருந்தது. 50 பைசா எட்டணா. அணா சட்டத்தில் செத்துப் பல வருஷம் கழித்தும் பேச்சில் சாகவில்லை.

காலணாவுக்கு வாங்கியவருக்கு என்ன ஆனது?

இன்றைய விவாதத்துக்கு நேராகத் தொடர்புடைய இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

16 அணாவை 100 பைசாவாக்கினால் ஓர் அணா 6.25 நயா பைசா. கால் பைசா என்று ஒரு காசு கிடையாது. அதனால் முழு எண்ணாக்க ஒரு விதி வைத்தார்கள். பின்னம் அரையோ அதற்குக் கீழோ இருந்தால் விட்டுவிடலாம், அரைக்கு மேலே போனால் ஒரு பைசாவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்படி ஓர் அணா 6 நயா பைசா, இரண்டு அணா 12, மூன்று அணா 19, நாலணா சரியாக 25.

ஓர் அணாவுக்குப் பொருள் வாங்கியவருக்கு இதில் கால் பைசா லாபம். அரையணா 3.125 என்பது 3 ஆனது, அதிலும் சின்ன லாபம். ஆனால் காலணாவைப் பாருங்கள். அது 1.5625. விதிப்படி 2 நயா பைசா. அதாவது காலணாவுக்கு வெற்றிலையோ மிளகாயோ வாங்கியவர் புதுக் காசில் கொடுத்தால் 28 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார். ஓர் அணாப் பொருளை மொத்தமாக வாங்கினால் 6. அதையே நாலு தடவையாக, காலணா காலணாவாக வாங்கினால் 8.

பழைய காலணாக் காசு கையில் இருந்தவரை தப்பித்துக்கொள்ளலாம், ஏனென்றால் கொஞ்ச காலம் இரண்டு காசும் சேர்ந்தே புழங்கின. ஆனாலும் அன்றாடக் கூலி வாங்கி அன்றன்றைக்குச் சாமான் வாங்கும் வீட்டின் கவலை நியாயமானது. முழு எண்ணாக்குதல் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சின்னச் சின்னதாக வாங்குபவரைத்தான் அது முதலில் பிடிக்கும்.

ரயில்வே, தபால் துறை எல்லாம் கூடவே மாற வேண்டியிருந்தது. இந்திய வரைபடம் போட்ட புதிய தபால்தலைகள் நயா பைசா விலையில் அதே 1957 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தன. பொதுத்தேர்தல் முடிந்த கையோடு இத்தனையும் நடந்தது. அந்தத் தேர்தலில் டி.டி.கே தென் சென்னையில் ஜெயித்திருந்தார். மே மாதம் அவர் போட்ட பட்ஜெட்டில் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. பணக்காரர்களின் சொத்துக்கும் செலவுக்கும் வரி என்பது ஆவடித் தீர்மானத்தின் வாசனை வீசும் யோசனை. அதே பட்ஜெட் சாதாரண ஜனங்களின் செலவையும் கூட்டியது என்ற விமர்சனமும் எழாமல் இல்லை.

சில்லறையில் இல்லை சிக்கல்

டி.டி.கேயை வீழ்த்தியது பைசா விவகாரம் இல்லை. கோடி விவகாரம். புதிதாக உருவாகியிருந்த எல்.ஐ.சி. 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. பெரோஸ் காந்தி அதை நாடாளுமன்றத்தில் கிளப்பினார். நீதிபதி சாக்ளா விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். துறைச் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே ராஜினாமா செய்தார். அந்த வருஷ பட்ஜெட்டை நேருவே படிக்க வேண்டியதாயிற்று.

அரசு விரயம் என்று பேசும்போது இதையும் நினைவில் வைப்பது நல்லது. நயா பைசாவின் ஆயுளில் அதை அச்சடிக்க எவ்வளவு செலவானது என்று தலையங்கம் எழுதலாம். மக்கள் பிரீமியப் பணம் ஒரு கையெழுத்தில் கோடிக்கணக்கில் போனது வேறு கணக்கு.

இரண்டாவது சுற்று: செம்புக்குப் பதில் அலுமினியம்

நாலு வருஷத்தில் திரும்பி வந்தார். 1962-ல் திருச்செந்தூர் தொகுதி எம்.பி. சீனப் போர் நேரத்தில் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சர். 1963 ஆகஸ்டில் மறுபடி நிதித் துறை. யூனிட் டிரஸ்ட், ஐ.டி.பி.ஐ. இரண்டும் 1964-ல் செயல்பட ஆரம்பித்தது இந்தச் சுற்றில்தான். நேரு இறந்த சில நாட்களில், 1964 ஜூன் 1 முதல், நயா பைசாவில் இருந்து நயா போனது. வெறும் பைசா ஆனது. ஏழு வருஷத்தில் மக்களுக்குப் பழகிவிட்டது, இனிமேல் புதுசு என்று சொல்ல வேண்டியதில்லை என்பது காரணம்.

ஆனால் உள்ளே இன்னொரு பிரச்னை ஓடிக்கொண்டிருந்தது. 1957-ல் வந்த ஒரு நயா பைசா வெண்கலம், எடை ஒன்றரை கிராம். இரண்டு, ஐந்து, பத்து பைசாக்கள் செம்பும் நிக்கலும் கலந்தவை. இந்த உலோகங்களுக்கு இந்தியா பெரிதும் இறக்குமதியை நம்பியிருந்தது. அந்நியச் செலாவணிக்கோ நாடு தவித்துக்கொண்டிருந்தது. காசு எவ்வளவு சின்னதோ, அதன் மதிப்போடு ஒப்பிட்டால் உலோகச் செலவு அவ்வளவு பெரிசு.

அப்போது அரசின் முன்னால் இருந்த வழிகள் இன்றைக்கு இருப்பவைதான். ஒரு பைசாவை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஐந்தின் மடங்காக முழுமையாக்கச் சொல்லலாம். அல்லது காசை வைத்துக்கொண்டு, செய்யும் செலவைக் குறைக்கலாம். தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. 1964-ல் ஆறு மூலை வைத்த அலுமினிய மூன்று பைசா வந்தது. 1965-ல் ஒரு பைசா அலுமினியத்தில் சதுரமாக வந்தது, எடை முக்கால் கிராம். பழைய வெண்கலக் காசின் சரிபாதி. ஓரம் வளைவு வளைவான இரண்டு பைசாவும் அலுமினியத்துக்கு மாறியது. அலுமினியம் உள்நாட்டில் கிடைத்தது. நம்ம மேட்டூர் அலுமினிய ஆலையும் அந்தக் காலகட்டத்தில் உற்பத்தியைத் தொடங்கியதுதான்.

சட்டைப் பையில் போட்டால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அந்தக் காசை 1970-களில் பள்ளிக்கூடம் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் மெதுவாக வைத்தால் மிதக்கும். பார்க்க அழகில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒரு பைசாவுக்கும் இரண்டு பைசாவுக்கும் பொருள் வாங்கும் வசதி இன்னும் பல வருஷம் நீடித்தது.

உலோகத்தை மாற்றியதோடு வேலை முடியவில்லை. காசுக்குள் இருக்கும் உலோகத்தின் விலை காசின் மதிப்பைத் தாண்டினால் யாராவது உருக்கத்தான் செய்வார்கள். சில்லறையைப் பதுக்குவது, உருக்குவது இரண்டையும் தடுக்க 1971-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அப்போது டி.டி.கே பதவியில் இல்லை. 1965 கடைசியில் ஆவடி ஆலையில் இருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த அதே நாட்களில் அவர் இரண்டாவது முறையாக ராஜினாமா செய்துவிட்டிருந்தார். குடும்ப நிறுவனங்கள் தொடர்பாக எம்.பி.க்கள் சிலர் புகார் எழுப்பினார்கள். பிரதமர் சாஸ்திரி தலைமை நீதிபதியிடம் கருத்து கேட்க நினைத்தார். அதை ஏற்காமல் டிசம்பர் 31 அன்று டி.டி.கே வெளியேறினார். 1974 மார்ச் 7-ல் இறந்தார்.

அப்படியென்றால் ஒரு ரூபாயை நிறுத்தலாமா?

டி.டி.கே காலத்துக் காசுகளை அரசு அவசரப்பட்டுக் கொல்லவில்லை. விலைவாசியே கொன்றது. மூன்று பைசா 1971-லும், ஒரு பைசா, இரண்டு பைசா 1980-களின் தொடக்கத்திலும் நின்றுபோயின. 25 பைசாவும் அதற்குக் கீழே இருந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று அறிவித்தபோது யாரும் அழவில்லை. அந்தக் காசுக்குக் கடையில் வாங்க எதுவும் மிச்சம் இல்லை.

ஒரு ரூபாயின் நிலை இன்னும் அங்கே வரவில்லை. ஷாம்பு பாக்கெட், தீப்பெட்டி, குழந்தைகளின் மிட்டாய் என்று அதற்கு வேலை இருக்கிறது. 1.11 ரூபாய் செலவு என்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். காசு ஒருதடவை செலவழித்தால் தீர்ந்துபோகும் பொருள் இல்லை, பல வருஷம் ஆயிரக்கணக்கான கை மாறும். அந்த நஷ்டத்தை ஐந்து ரூபாய், பத்து ரூபாய் காசுகளில் கிடைக்கும் லாபம் ஈடுகட்டவும் செய்கிறது. முகமதிப்புக்கும் தயாரிப்புச் செலவுக்கும் உள்ள வித்தியாசம் அரசுக்குத்தான் போகிறது.

ஒன்றும் இரண்டும் போய் ஐந்து ரூபாய்தான் கடைசிக் காசு என்றானால் கணக்கு எப்படி வரும்? 803 ரூபாய்க்கு மாசச் சாமான் வாங்குபவர் 805 கொடுப்பார். கால் சதவீதம்கூட இல்லை, கவனிக்கவே மாட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து 8 ரூபாய்க்கு ஏதோ வாங்குபவர் 10 கொடுப்பார். அது 25 சதவீதம். 1957-ன் காலணாக் கதைதான் மறுபடி. 7 ரூபாய்ப் பொருள் 5-க்குக் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்காது. எந்தக் கடைக்காரரும் விலையை 7-ல் விட்டுவைக்க மாட்டார்.

கனடா 2012-ல் ஒரு சென்ட்டை நிறுத்தியபோது முழுமையாக்கலை ரொக்கத்துக்கு மட்டும்தான் வைத்தது. கார்டில் கொடுத்தால் சென்ட் வரை துல்லியம். இங்கேயும் யு.பி.ஐ.யில் 7 ரூபாய் 50 காசைக்கூடத் துல்லியமாக அனுப்பலாம். ஆக, போனில் சார்ஜ் இருப்பவருக்கு ஒரு விலை, ரொக்கமாகக் கொடுக்கும் கிழவிக்கு வேறு விலை என்றாகும். காசை நிறுத்துவதற்கு முன்னால் முழுமையாக்கும் விதியை, 1955-ல் செய்த மாதிரி, சட்டத்தில் எழுதியே ஆக வேண்டும். அதுவும் மொத்த பில்லுக்கு மட்டும், ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல. அது இல்லாதவரை டி.டி.கே காலத்து வழியே, அதாவது மலிவான உலோகத்தில் அளவைக் குறைத்து அச்சடிப்பதே, குறைந்த நஷ்டமுள்ள வழியாகத் தெரிகிறது.

1957-ல் தொடங்கிய அந்தப் பைசா வரிசையில் இன்று சட்டப்படி உயிரோடு இருப்பது 50 பைசா ஒன்றுதான். 2011 நாணயச் சட்டப்படி ஒரு தடவையில் 10 ரூபாய் வரைக்கும், அதாவது 20 எட்டணாக்கள் வரை, அது செல்லும். ஆவடி மார்க்கெட்டில் நீட்டிப் பாருங்கள், கதையே வேற.